அக்கா கடலிலிருந்து பார்த்த விளக்கு

கலங்கரை விளக்கங்களின் வரலாறு பற்றி அரியலூரில் ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியவன் நான். அன்று வரை ஒரு கலங்கரை விளக்கத்தைக்கூட நேரில் பார்த்தவனில்லை. கடலையே எப்போதாவதுதான் பார்த்திருந்தேன், அதுவும் செருப்பைக் கையில் பிடித்தபடி. நூலகப் புத்தகங்களிலிருந்து எடுத்ததைக் கணீரென்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பது உறைத்தது. அந்தமான் தீவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளக்கடியிலேயே குடித்தனம் நடத்திவிட்டு வந்தவர் அவர். அதற்குமேல் நிறுத்த வழியில்லை. மாலை வேறு போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா குறை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“கடல்ல போறவங்களுக்கு அந்த வெளிச்சம் அவ்வளவு தூரம் தெரியும்னு சொன்னியேடா தம்பி, நெசமாவே தெரியுமா?”

“என்னக்கா, நீதானே அங்க இருந்த!”

“இருந்தேன். கீழ இருந்தேன்.”

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த வேளையில், உறவினர்களும் நண்பர்களும் கையில் வைத்திருக்கும் இந்த நினைவு மலரில், அந்தக் கேள்வியைப் பற்றி எழுதுவதே முறை என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது அரியலூருக்குப் பக்கத்தில், உழுதால் கல்லாகிப்போன கடற்சிப்பி மேலே வருகிற ஒரு கிராமத்தில். கடல் எந்தக் காலத்திலோ எங்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு போனவர் எங்கள் குடும்பத்தில் அக்கா ஒருவர்தான். அதுவும் தெரிந்து போகவில்லை. மாப்பிள்ளைக்குக் கவர்மெண்ட் உத்தியோகம் என்றார் தரகர். எந்த ஊரில், என்ன வேலை என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று அப்பா நினைத்துவிட்டார். அத்தான் தீவுகளில் கலங்கரை விளக்கப் பணியாளர் என்பது கல்யாணச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடும்போதுதான் வெளியே வந்தது.

அவர்கள் நெடுங்காலம் இருந்த தீவின் கோபுரம் வெள்ளைக்காரன் காலத்தது. இரும்புத் தகடுகளாகக் கப்பலில் வந்து இறங்கி, அங்கே பூட்டி நிறுத்தப்பட்டது. ஆரம்பத்தில் தேங்காயெண்ணெயில் எரிந்ததாம். பிறகு மண்ணெண்ணெய். உச்சியில், ஒளியைக் குவித்து வீசும் ஆளுயர லென்ஸ் கண்ணாடி. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முடுக்கிவிட்டால் அது சுற்றும். இராத்திரி முழுக்க முறை வைத்து முடுக்க வேண்டும். பகலில் வேறு வேலை. வெயில் அந்தக் கண்ணாடி வழியாகக் குவிந்தால் உள்ளே தீப்பிடிக்கும் என்பதால், பொழுது விடிந்ததும் சுற்றிலும் திரையை இழுத்துவிட வேண்டும். உப்புக்காற்றில் இற்றுப்போகிற அந்தத் திரைகளைத் தம் தையல் மெஷினில் திரும்பத் திரும்பத் தைத்துக் கொடுத்தவர் அக்கா. அந்தச் சேவைக்கு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. என் சொற்பொழிவிலும் இல்லை.

சாமான் படகு மாதத்துக்கு ஒரு தடவை வரும், கடல் மனது வைத்தால். குடிக்க மழைத் தண்ணீர். மகனைப் படிப்புக்காக எங்களிடம் விட்டுவிட்டு, அவன் வளர்ந்ததைப் போட்டோவில் பார்த்தார். எங்கள் அம்மா காலமான தந்தி அடுத்த சாமான் படகில்தான் போய்ச் சேர்ந்தது. அக்கா ஊர் வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. அவர் கத்தி அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தொண்ணூற்றைந்தில் அத்தான் ஓய்வு பெற்றதும் இருவரும் அரியலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். சில வருஷங்களில் அக்காவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. வலது கண் போயிற்று. இடது கண்ணும் அதிக நாள் தாங்காது என்று திருச்சி டாக்டர் கைவிரித்தார். அந்தச் சமயத்தில்தான் என் சொற்பொழிவும், அந்தக் கேள்வியும்.

அக்கா சொன்னது இதுதான். தீவில் படகு பிடிப்பதும் இறங்குவதும் எப்போதும் பகலில். பகலில் விளக்குக்குத் திரை போட்டிருக்கும். பெரிய கப்பலுக்கு மாறினால் தலைசுற்றலில் கீழேயே படுத்திருப்பார். ஆக, தம் விளக்கு எரிவதை அவர் கடலிலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

“பெத்தவ மொகத்தக்கூடப் பாக்காம அதுக்குக் காவல் கெடந்தேன்டா. அது எவன் கண்ணுக்காவது தெரிஞ்சுதா இல்லையான்னு பாத்துட்டா, கண்ணு போனாப் போவுது.”

அத்தானுக்கு இதில் சம்மதமில்லை. “வெளக்குன்னா தெரியாம? அதுக்குத்தான் சம்பளம் குடுத்தான்” என்றார். ஆனாலும் சட்டையை மடித்துப் பையில் முதலில் வைத்தவர் அவரே.

சென்னையிலிருந்து கப்பல். துணைக்கு நான். கப்பல் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் யாருக்கு யார் துணை என்பது தெளிவாகிவிட்டது. கடற்பயணங்களைப் பற்றி நிறையப் படித்த என் வயிறு எதையும் ஏற்கவில்லை. அக்கா எலுமிச்சம்பழத்தைத் தம் மூக்கருகில் பிடித்துக்கொண்டு, “படிச்சதெல்லாம் வெளிய வருதுடா, விட்டுரு” என்று முதுகைத் தடவினார்.

போர்ட் பிளேரில் இறங்கி, தீவுகளுக்கிடையே ஓடும் சின்னக் கப்பலுக்கு மாறினோம். பொழுது சாயும் நேரத்தில் அது எங்கள் தீவைத் தாண்டிப் போகும் என்றார்கள். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூவரும் நின்றோம். வெளிச்சம் வந்து வந்து போவதில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் இடைவெளி உண்டு, மாலுமிகள் அதை எண்ணித்தான் இது இன்ன விளக்கு என்று கண்டுகொள்வார்கள் என்று நான் விளக்கினேன். யாரிடம் விளக்குகிறேன் என்பது இந்தத் தடவையும் தாமதமாகத்தான் உறைத்தது.

“எண்ணித்தானடா தோச திருப்பினேன்” என்றார் அக்கா. “வெளிச்சம் சன்னல்ல ரெண்டு தடவ வந்துட்டுப் போனா ஒரு பக்கம் வெந்துரும்.”

இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் பார்த்தவன் நான். தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்து, அணைந்து, மறுபடியும் எழுந்தது.

“அக்கா! அதோ! நம்ம வெளக்கு!”

அக்கா நல்ல கண்ணை அந்தப் பக்கம் திருப்பினார். உதடுகள் லேசாக அசைந்தன. எண்ணுகிறார் என்று தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு, “தெரியுதுடா தம்பி. நல்லாவே தெரியுது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வயிறும் கூடவே கலங்கிவிட்டது. நான் கீழே ஓடிப்போய்ப் படுத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் வருஷம் இடது கண்ணும் போயிற்று. அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடைசி வரை தம் தோசையைத் தாமே வாயால் எண்ணித் திருப்பினார். சென்ற ஆண்டு, சிறுநீரகம் பழுதாகி, அத்தானும் மகனும் இருபுறமும் இருக்க, அமைதியாக அடங்கினார்.

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கேட்காமலே சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தகவல் தெரிந்து தீவுகளிலிருந்து தொலைபேசியில் அழைத்து அழுத அத்தானின் பழைய சகாக்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

“எல்லாம் சரிதான் மாப்ள. ஆனா அன்னிக்கு நீ காட்டுனது பக்கத்துத் தீவு வெளக்கு. எண்ணிக்க ஒத்துவரலன்னு அவளுக்கு அப்பவே தெரியும். ‘பாவம், இவ்வளவு வாந்தி எடுத்துட்டு வந்துருக்கான், சொல்லாதீங்க’ன்னா. நீ கீழ போயிப் படுத்தப்பறம் நம்மளது வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டோம்.”