குதிரைக்குப் பத்து வருடம்

பதுளையில் ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் பிரதம எழுதுநராக இருந்தேன். அவ்வளவு காலத்தில் ஒரு மாட்டைத் தொட்டதில்லை. மாடுகளைப் பற்றிய கோவைக் கட்டுகள் எல்லாம் என் கையைத் தொட்டுத்தான் போயின. ஓய்வுபெற்றுப் பண்டாரவளைக்கு மேலே குடிவந்த பிறகு, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்கு நான் பாதி டொக்டர். நானும் மறுக்கவில்லை.

அருகிலிருந்த பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். விருந்தினர் ஏறிச் சுற்றிவர அங்கே ஒரு குதிரை உண்டு. அதைப் பராமரிப்பவர் முன்பு தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டியவர். ஒரு நாள் காலை மூச்சு வாங்க வந்தார்.

“ஐயா, குதிர குளம்புல துருப்புடிச்ச ஆணி ஏறிருச்சுங்க. புடுங்கிட்டேன். ஏற்பு ஊசி போட்டு ரெண்டு வருசமாச்சு. இன்னும் தாங்குங்களா?”

“பத்து வருசத்துக்குத் தாராளமாக் காணும். பதற வேண்டாம்.”

அது என் காலில் கம்பி குத்தியபோது, ஏற்புக்கு, அதாவது டெட்டனசுக்கு, ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்ன கணக்கு. எனக்கும் குதிரைக்கும் வித்தியாசம் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. அவர் முகம் தெளியாததால், ஊசி அவசியமில்லை என்று ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு ஒப்பமிட்டுக் கொடுத்தேன். முக்கியமான விடயமல்லவா, ஆங்கிலத்தில் எழுதினேன்.

தோட்டத்தில் மருந்துக்காரர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒப்பமிட்ட தாளுக்கு அவர் அறிந்த பொருள் அதுதான். பஸ் ஏறிப்போய் மிருக வைத்தியரிடம் என் தாளை நீட்டிவிட்டார்.

வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பின்னேரம் வந்து காயத்தைக் கழுவி, ஊசி போட்டுவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“அங்கிள், பத்து வருசம் மனுசருக்கு. குதிரைக்கு வருசா வருசம் போடவேணும். காயம் பட்டால், கடைசி ஊசி ஆறு மாசத்துக்கு முந்தினதெண்டால் உடனே இன்னொண்டு. ஏற்பு குதிரைக்கு லேசில பிடிக்கும். பிடிச்சால் தப்பிறது கஷ்டம்.” பிறகு சிரித்தார். “ஊசி வேண்டாமெண்டு எழுதின துண்டோட வந்து ஊசி கேட்ட ஆளை இண்டைக்குத்தான் பாத்தன்.”

மூன்று கிழமை கவனிக்கச் சொன்னார். தாடை இறுகுகிறதா, நடை விறைக்கிறதா என்று தினமும் காலையில் போய் நின்றேன். குதிரை தின்பதை அவ்வளவு பயத்தோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இப்புடி மொறச்சுப் பாத்தா அதுக்கு வேற ஏதாச்சும் வந்துருங்க, ஐயா,” என்றார் அவர்.

இருபத்தோராம் நாளும் குதிரை ஒழுங்காகப் புல் மென்றது. டொக்டருக்குத் துண்டு எழுதிக் கொடுத்ததற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். இனியும் பொறுக்க முடியாமல், தாளில் உண்மையில் என்ன எழுதியிருந்தேன் என்பதைச் சொன்னேன்.

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

“பரவாயில்லீங்க. எனக்கு இங்கிலீசு தெரியாதது நல்லதாப் போச்சு.”