தங்கமா, வெண்கலமா, ஒன்றுமே இல்லையா: கொடகவெல மலையில் அஞ்சலோட்டம் பார்த்த கதை

ஆசிய விளையாட்டுப் போட்டியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீசா, விமான டிக்கெட், அங்கே தங்க ஒரு கட்டில் என்று கூட்டிப் பார்த்ததில் ஆசை தானாகவே அடங்கிவிட்டது. மைதானத்துக்குப் போக வக்கில்லாதவன் ஓடுகிறவளின் வீட்டுக்காவது போகலாமே என்று அப்போதுதான் தோன்றியது. நான்கு பெண்கள் ஆளுக்கு நானூறு மீற்றர் ஓடும் அஞ்சலோட்டத்தில் நம் நாட்டு அணியில் மூன்றாவது ஆளாக ஓடும் டிலானி, இரத்தினபுரி மாவட்டத்தில் கொடகவெலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலையில் வேலை செய்யும் குமார் இந்த வலைப்பூவின் வாசகர். "எங்க புள்ள ஓடுது, வந்து எங்களோட பாருங்க" என்று பின்னூட்டம் போட்டிருந்தார். புதன்கிழமை தகுதிகாண் சுற்று, வியாழக்கிழமை இறுதிப் போட்டி. மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கொழும்பு கோட்டையில் காலை ஆறு மணிக்கு எம்பிலிப்பிட்டிய பஸ். சாதாரண பஸ்தான், கொடகவெல வரை நானூற்று அறுபது ரூபாய், ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீற்றர். அவிசாவளையைத் தாண்டியதும் ஃபோனில் தகுதிகாண் சுற்றைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. டிலானி அஞ்சல் கோலை வாங்கும்போது அணி நான்காவது. அவள் கொடுக்கும்போது இரண்டாவது. கடைசிப் பெண் முதலாவதாகவே முடித்துவிட்டாள். நான் கைதட்டிவிட்டேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் முறைத்தார். குருவிட்டயில் அவர் இறங்கிப் போகும்வரை அந்த முறைப்பு இருந்தது. எப்படியோ, இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாகிவிட்டது, நாளைக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்குக் கொடகவெல. தோட்டத்துக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர், ஏற்றம். பஸ் ஒரு நாளைக்கு மூன்று முறைதான், அதையும் நம்ப வேண்டாம். முச்சக்கரவண்டிக்கு எண்ணூறு ரூபாய் பேசினேன். ஓட்டுனர் சுமித், சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுகிறார், தோட்டத்து ஆட்களோடு பள்ளிக்கூட வயதிலிருந்தே பழக்கமாம். எங்கே போகிறேன் என்று சொன்னதும் ஹோர்னை ஒரு முறை நீளமாக அடித்தார்.

"டிலானி நங்கி, நம்ம தங்கச்சி, அவ வீட்டுக்கா? அப்ப காசு வேணாம் மாத்தயா! இன்னைக்கு ரன் பதக்கம்! தங்கம்!"

"தங்கமா? எப்போ?"

"காலையிலதான். நீங்க பாக்கலயா?"

நான் பார்த்ததுதான். ஆனால் நான் பார்த்ததில் தங்கம் இல்லை. ஃபோனை எடுத்து மறுபடி பார்த்தேன்; இறுதிப் போட்டி நாளை மாலை நான்கரை என்றுதான் இருந்தது. வேறு ஏதாவது போட்டியில் ஓடினாளோ? இல்லை, நான்தான் ஏதாவது சுற்றைத் தவறவிட்டேனோ? அதைத் தேடிப் பார்ப்பதற்குள் முதல் வளைவு வந்தது, சிக்னல் போனது. அதற்குப் பிறகு நான் மலையிறங்கும்வரை என் ஃபோன் மணி பார்க்க மட்டுமே உதவியது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குக் கீழே போகும்போதே வெடிச் சத்தம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதா சிற்றாலயத்து வாசலிலும் மாரியம்மன் கோயில் வாசலிலும் ஒரே வாழைமரத்தை இரண்டாக வெட்டிக் கட்டியிருந்தது போல ஆளுக்கொரு துண்டு. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒருவர் கிரிபத், பாற்சோறு, கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தை நடத்தும் துரை அரை நாள் லீவு விட்டுவிட்டாராம். குமார் தரையில் நீளத் துணியை விரித்து 'தங்க மகளே வருக' என்று சிவப்புச் சாயத்தில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூரிகையோடு கட்டிப்பிடித்தார். என் சட்டையில் இன்னும் அந்தச் சிவப்பு இருக்கிறது.

விஷயம் எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. இங்கே இவர்களுக்குத் தெரிந்த ஓட்டப்போட்டி சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி. எல்லோரும் ஒரே தடவைதான் ஓடுவார்கள். முதலாவதாக வந்தவருக்கு அந்த இடத்திலேயே பிளாஸ்டிக் பேசினோ குடையோ கொடுத்துவிடுவார்கள். சுற்று, தகுதிகாண், அரையிறுதி என்ற பேச்சே கிடையாது. காலையில் டிவியில் நம் நாடு முதலாவதாக வந்தது; ஆகவே தங்கம். வர்ணனை ஆங்கிலத்தில் ஓடியதால் அதுவும் காப்பாற்றவில்லை. முகநூலில் யாரோ 'இலங்கை முதலிடம்' என்று போட்டிருந்தார்களாம். அதில் பொய்யும் இல்லையே.

நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் டிலானியின் அம்மா ஆரோக்கியம் அக்காவை உட்கார்த்தி மாலை போட்டிருந்தார்கள். கொழுந்து எடுக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை; மாதம் ஒரு முறை வருவார். நான் போய் வாழ்த்துச் சொல்லலாமா, உண்மையைச் சொல்லலாமா என்று விழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனபோது பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அந்த நொடியே தோன்றியது.

"அப்ப இன்னைக்கு ஓடினது என்னாங்க தம்பி?"

"அது நாளைக்கு ஓடுறதுக்கு ஆள் எடுக்கிற ஓட்டம் அக்கா."

"மொதலா வந்தவங்கள மறுபடி எதுக்கு ஓட விடணும்?"

நாடுகள் நிறைய, தடங்கள் எட்டுத்தான் என்று என்னமோ உளறினேன். அவர் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

"பதினாறு வயசுல அவள மலைக்கு கொழுந்தெடுக்கப் பேர் பதிய விடாம கிரவுண்டுக்கு அனுப்பினேன் தம்பி. பேசாத வாயி இல்ல. குட்டக் காற்சட்டையோட பொம்பளப் புள்ளைய ஓட விடுறான்னு. கோயில்ல, சர்ச்சுல, கொழுந்து நிறுக்கிற எடத்துல, எல்லா எடத்துலயும். அந்த வாயெல்லாம் இன்னைக்கு வந்து எனக்கு மால போட்டிருக்கு." கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார். "இன்னைக்கு விட்டுருங்க. நாளைக்கும் ஜெயிச்சிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல."

தோற்றுவிட்டால்? அந்தக் கேள்வி அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டார். நான் அதை அப்படியே குடித்தேன்.

அன்றிரவு தங்கியது கொடகவெல நகரத்தில், ஒரு கடைக்கு மேலே அறை. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், மின்விசிறி உண்டு, சுடுதண்ணீர் கிடையாது. மறுநாள் மத்தியானம் சுமித்தே வந்து கூட்டிப் போனார், இந்த முறை காசு வாங்கிக்கொண்டார். இறங்கி நடந்த வழியில் அட்டை இரண்டு என் காலில் ஏறிவிட்டன. அடுத்த முறை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வருவேன்.

நான்கு மணிக்குக் கொழுந்தின் அந்தி நிறுவை முடிந்து ஆரோக்கியம் அக்கா கூடையை இறக்கி வைத்த கையோடு வீட்டுக்குள் வந்து டிவியைப் போட்டார். கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சத்தமில்லாமல் பார்ப்பதாகத் திட்டம். தோட்டத்தில் திட்டம் போட்டு ஒன்றும் நடக்காது. டிவிச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த லயம் வந்தது. கதவைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது.

"என்னா, நேத்து ஓடினத மறுபடி காட்டுறாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா ஆமா, மறுபடிதான் காட்டுறாங்க," என்றார் குமார், என் முகத்தைப் பார்க்காமல்.

துப்பாக்கி வெடித்தது. அறை முழுக்கச் சிரிப்பும் பேச்சும், முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்க்கும் நிம்மதி. இரண்டாவது பெண் கோலைக் கொண்டுவந்தாள். வாங்கியது டிலானி இல்லை.

"இது யாரு?"

"டிலானி எங்க?"

"நேத்து இந்த எடத்துல நம்ம புள்ளதானே நின்னுச்சு?"

அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார், திரைக்குள் எங்காவது மகள் நிற்கிறாளா என்று தேடுகிறவர் போல. அணி மூன்றாவதாக முடித்தது. நானே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அறையில் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு பெரியவர் மிக நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "நேத்து மொதலா வந்த ஓட்டம் இன்னைக்கு எப்படிங்க மூணாவதா வருது?"

அக்கா திரும்பினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "கேளுங்க. நேத்து ஓடினது கடைசி ஓட்டம் இல்ல. இதுதான். எனக்கு நேத்தே தெரியும். இந்தத் தம்பி சொன்னாரு, நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன். தப்பு என்மேலதான்."

குமார் தலையைச் சொறிந்தார். "எனக்கும் தெரியும்க்கா. நேத்து அந்திக்கு டவுனுக்குப் போனப்ப ஃபோன்ல பாத்துட்டேன். நீங்க மாலையோட ஒக்காந்திருந்த மொகத்த நெனச்சு சொல்ல வாய் வரல." அப்போதுதான் இன்னொரு பெண்ணும் தனக்கும் அரைகுறையாகத் தெரியும் என்றார். ஒருத்தருக்காக ஒருத்தர் ஒளித்து, பாதித் தோட்டமே ஒளித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

ஆனால் டிலானி எங்கே? அதுதான் அக்காவின் கவலை. காலில் ஏதாவது ஆகிவிட்டதா? திரையில் நான்கு பெண்கள் மேடையேறினார்கள், நான்கு கழுத்தில் வெண்கலம் விழுந்தது. நான்கில் ஒன்றுகூட எங்கள் கழுத்து இல்லை. (பாருங்கள், ஒரே நாளில் 'எங்கள்' என்று எழுதுகிறேன்.)

"அவளுக்கு மெடல் உண்டா இல்லையா தம்பி? நீங்க ஊரெல்லாம் சுத்துற ஆளு."

"எனக்குத் தெரியல அக்கா," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. தகுதிகாண் சுற்றில் ஓடியவருக்கும் உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். இல்லை என்றும் யாரோ சொன்ன ஞாபகம்.

பெண்கள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கில் வழக்காட ஆரம்பித்தார்கள். காலையில் எடுத்த கொழுந்தை நிறுத்தாயிற்று என்றால் அது அவள் கொழுந்து, மத்தியானம் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனால் காலை நிறுவையை அழித்துவிடுவார்களா என்றார் ஒருவர். அழிக்க மாட்டார்கள், ஆனால் பாதி நாளுக்கு அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம்தான் போடுவார்கள் என்றார் இன்னொருவர். "அப்ப என்னா, மெடல பாதியா ஒடைச்சா குடுப்பாங்க?" என்று மூன்றாவது ஆள் கேட்டதும் அக்காவே சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தாங்கி மேடு. எல்லோரும் அங்கே போய் நின்றோம். தூறல். ஆறு மணி அளவில் வீடியோ அழைப்பு வந்தது. டிலானியின் முகம் வீங்கியிருந்தது.

"என்னாடி ஆச்சு? கால்ல என்னாச்சு?"

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. கோச் மாத்திட்டாரு. ஓடாத புள்ளைக்கு கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும்னாரு. காலையில தான் சொன்னாரு."

"நீ ஓடித்தான அவங்கள உள்ள கொண்டு போன?"

"ஆமாம்மா."

"மெடல்?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அக்கா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேட்டில் நின்ற ஐம்பது பேரும் ஃபோனை எட்டிப் பார்த்தார்கள்.

"குடுத்தாங்கம்மா. ரூமுக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. பெட்டியோட." அவள் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். மேட்டில் ஒரு ஆரவாரம். குமார் விசிலடித்தார். டிலானி மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவும் கத்தவில்லை. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்தார். "கழுத்துல யாரு போட்டது?"

"யாரும் போடலம்மா. கதவத் தட்டி, கையெழுத்து வாங்கிட்டு, கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க." அவள் பெட்டியைத் திறந்தாள். "நானே போட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன். என்னமோ மாதிரி இருந்திச்சு."

"போடாத," என்றார் அக்கா. அவ்வளவு கண்டிப்பாக அவர் பேசி நான் அந்த இரண்டு நாளில் கேட்டதில்லை. "பெட்டிய மூடு. அப்படியே கொண்டா."

டிலானி பெட்டியை மூடினாள். அதற்குள் படம் உறைந்தது, பிறகு அழைப்பே அறுந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக்குத் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்தது வெற்றியா தோல்வியா என்று யோசித்தேன், இரத்தினபுரி வரைக்கும் பிடிபடவில்லை. அந்தக் கோச் செய்தது சரிதானா என்றும் தெரியவில்லை. அவர் எடுத்த பெண் நன்றாகத்தான் ஓடினாள். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் போகவில்லை, நியாயமோ இல்லையோ.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கொடகவெல வரை சாதாரண பஸ்ஸே போதும். இரத்தினபுரிக்கு அப்பால் எந்த மாதமும் மழை வரும், குடை வேண்டும். தோட்டத்துக்குள் நுழையுமுன் சுமித் மாதிரி யாரையாவது திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கொடகவெல சந்தியில் 'ஓடுற புள்ள வீடு' என்று கேட்டால் போதும். குமார் பதாகையில் முதல் சொல்லின் மேல் வெள்ளை அடித்துவிட்டார், இப்போது 'மகளே வருக' என்று மட்டும் தொங்குகிறது.

அணி ஞாயிற்றுக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறது. வரவேற்கப் போகிறவர்கள் பூ கொண்டுபோங்கள், கைகொடுங்கள், சேர்ந்து நின்று படம் எடுங்கள். டிலானியிடம் மட்டும் "மெடலைப் போட்டுக் காட்டுங்க" என்று கேட்காதீர்கள். போட மாட்டாள். அவள் அம்மா இன்னும் போட்டுவிடவில்லை.