வாழவந்திக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

காலை 7.10. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். கிளம்பிய நேரத்தைப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். நோட்டு மட்டும் ஓய்வு பெறவில்லை. போகிற இடம் வாழவந்தி, ஏற்காட்டுக்கும் அப்பால் என் மனைவி சரசு பிறந்த ஊர். என் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகிறது; இன்று படையல். பித்தளை அண்டாவும் அரிசி மூட்டையும் இருந்ததால்தான் காரை எடுத்தேன். மற்றபடி மலைக்கு எப்போதும் பஸ்தான். மலை ஏற்றினால் சின்ன வண்டி கெட்டுவிடும் என்பது என் கட்சி. வாங்கி நாலு வருடமான வண்டி இன்றுதான் முதல் தடவையாக மலை ஏறுகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சரசு கார் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கினாள். தாயைப் பார்க்க நினைத்தபோதெல்லாம் போகலாம் என்பது அவள் ஆசை. ஆனால் அவள் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. நான் ஓட்டினால் வராது. "கியர்பாக்ஸை அரைச்சுத் தின்னுட்டுத்தான் விடுவ போல" என்று தெருவில் வைத்தே கத்தினேன். இரண்டு மாதத்தில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள்.

போன வருடம் மாமியாருக்கு முடியவில்லை என்று செய்தி வந்த காலையில் நான் நாமக்கல்லில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வண்டி வீட்டு வாசலில் நின்றது. எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று போனில் கேட்டாள். "தொடாத. பாதி மலையில நின்னுட்டா என்ன பண்ணுவ? பஸ்ல போ" என்றேன். எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கியவள் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். பதினொன்றரை வரை அம்மா இவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

7.35. அடிவாரம். இங்கிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து வளைவு வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆறாவதில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். கரகரவென்றது. ஏழாவதிலும் அதே சத்தம். எட்டில் கியர் விழவே மறுத்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மூங்கிலையும் பள்ளத்தாக்கையும் பார்க்க எனக்குக் கண் இல்லை.

பன்னிரண்டாம் வளைவில் சரசு முதல் தடவையாக வாய் திறந்தாள். "இப்ப யாருங்க ஓட்டுறது?"

எனக்குச் சுருக்கென்றது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

8.30. ஏற்காடு. ஏரியைத் தாண்டியதும் எஸ்டேட் ஜீப்புகள் நிற்கும் ஒரு பட்டறை. மெக்கானிக் பழனி, நாற்பது வயது இருக்கும். ஒரு ஜீப்புக்கு அடியில் இருந்தவர், அதை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கால் மணி நேரம் காக்க வைத்தார். எதிர்க்கடையில் டீ பதினைந்து ரூபாய். வெந்நீரில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். காப்பி விளைகிற ஊர் என்று பெயர்.

"ஏனுங்க சார், எந்தக் கியரு கத்துது?" என்று கேட்டபடி வந்தார் பழனி.

"எல்லாந்தான். கியர்பாக்ஸ் போயிருக்கும்."

"அத நாம அப்பறம் சொல்லலாமுங்க. எஞ்சினை அணைங்க. இப்ப ஒவ்வொண்ணாப் போடுங்க."

போட்டேன். ஐந்தும் ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தன. மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து ரிவர்ஸ் போடச் சொன்னார். கரகரவென்று அலறியது.

"ஒரு கியரு மட்டும் கத்துனா உள்ள தேஞ்சிருக்குமுங்க. இது எல்லாமே கத்துது, அணைச்சா கத்தல. கிளட்ச் முழுசா உடலீங்க, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், என் காலடியில் குனிந்தார். "சார், நீங்க மிதிக்கறதா நெனைக்கறீங்க. பெடல் பாதியில நிக்குது பாருங்க."

கையை விட்டு ஒரு ரப்பர் மேட்டை உருவி எடுத்தார். இரண்டு விரல் கனம். நுனி சுருண்டு கிளட்சுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே வண்டியோடு வந்த மெல்லிய மேட் அப்படியே இருந்தது. "மிதிக்க மிதிக்க முன்னால நகருதுங்க. வளைவுல ஓயாம கிளட்ச் மிதிக்கறமில்ல. ஒண்ணு போதுமே, எதுக்குங்க ரெண்டு?"

எனக்குத் தெரியும். உட்கார்ந்ததும், சிக்னலில் நின்றதும், அந்த மேட்டைக் குதிகாலால் பின்னுக்கு இழுத்துச் சரி செய்வது என் சுத்தக்காரப் பழக்கம். அதனால்தான் ஊருக்குள் எனக்குச் சத்தம் வரவில்லை. அந்தப் பழக்கத்தை அவளுக்கு நான் சொன்னதில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

பழனிக்குச் சரசுதான் பதில் சொன்னாள். "நான் ஓட்டப் பழகுனப்ப வாங்கிப் போட்டாருங்க. என் செருப்பு மண்ணு வண்டியில ஒட்டக்கூடாதுன்னு."

பழனி சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை.

"அப்ப இது இல்லாம இருந்திருந்தா, அன்னைக்கும் கத்தியிருக்காதுங்களா?" என்று கேட்டாள் சரசு.

"எப்பவும் கத்தாதுங்கக்கா. கியர்பாக்ஸ் நொம்ப நல்லா இருக்குது. எங்கீன்னாலும் எடுத்துட்டுப் போகலாமுங்க."

கூலி வேண்டாம் என்றுவிட்டார். நான் வற்புறுத்தினேன். பெரிய கோளாறாக இருந்து, பெரிய தொகை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சரசு மேட்டைச் சுருட்டிப் பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து என் முன்னால் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

9.20. கிளம்பும்போது வண்டி ஒருமுறை அணைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அணையவில்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காப்பித் தோட்டம், எதிரே டூவீலரில் இரண்டு வாழைத்தார். குறுகலான திருப்பங்களில் இரண்டாம் கியருக்கு மாற்றினாள். ஒரு சத்தமும் இல்லை.

9.45. வாழவந்தி. மாமியார் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நோட்டப் பாத்துச் சொல்லுங்க. பட்டறையில நின்னதக் கழிச்சுட்டு, ஊட்ல இருந்து இங்க வர எத்தன நேரம்?"

கழித்தேன். "ஒன்னே முக்கா மணி."

போன வருடம் வீட்டை விட்டு இறங்கிய எட்டு மணியோடு ஒன்றே முக்காலைக் கூட்ட அவளுக்கு என் நோட்டு தேவைப்படவில்லை. இறங்கி உள்ளே போனாள். படையல் முன் அவள் அழுதபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் தாயை நினைத்து அழுகிறாள் என்றார்கள். நான் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தேன்.

மாலை 5.20. திரும்பி அடிவாரம் வந்துவிட்டோம். இருபது வளைவையும் அவள்தான் இறக்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது. எதையாவது பேசியாக வேண்டும் என்று, "நல்லாத்தான் ஓட்டுற, சரசு" என்றேன்.

சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மூணு வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தானுங்க ஓட்டுனேன்."