அண்ணன் சொன்ன பதில்

பாண்டீஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். தல்லாகுளம் பக்கம் பதினாறு வருஷமாக மனநல ஆலோசகர் வேலை. புதிதாக வரும் நர்ஸ்களை உட்காரவைத்து அவள் ஓதுவது ஒன்றுதான்: "சாகணும்னு தோணுதான்னு நேராக் கேளுங்கடி. கேட்டதுனால யாரும் போய்ச் சாகமாட்டாக. கேக்காம விட்டாத்தான் ஆபத்து. கூட வந்த ஆளை முதல்ல வெளிய அனுப்புங்க."

அம்புட்டும் வாயளவில்தான். தன் முறை வந்தபோது கோட்டை விட்டாள்.

போன வியாழக்கிழமை செல்வக்குமார் வந்தான். கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கூட்டிவந்தவர் அவன் அண்ணன் கருத்தக்கண்ணன், பாண்டீஸ்வரியின் தெருக்காரர். அவள் மகள் கல்யாணத்தில் மூன்று பந்திக்கும் நின்று பரிமாறிய மனுஷர். அவரைப் பார்த்து வெளியே இருங்கள் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குத் தெருவில் எந்த முகத்தோடு எதிரே வருவது? இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இவள் கேட்டது தம்பியை, பதில் சொன்னது அண்ணன். "தூக்கமா? விடிய விடிய போன் நோண்டுறான் தங்கச்சி." கடைசியில் குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியையும் கேட்டாள். செல்வக்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணன் சிரித்துவிட்டார். "சேச்சே! எங்க வம்சத்துல அப்படி ஒரு கோழை கிடையாது." தம்பியும் தலையை ஆட்டினான். 'இல்லை' என்று எழுதி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னாள். அவன் வாயைத் திறந்ததை அவள் பார்த்தாள். பாவி, பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதினாள்.

திங்கட்கிழமை அவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். உயிர் தங்கியதே பெரிய விஷயம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பந்திக்குப் பார்த்த மரியாதையில் ஒரு உயிரைப் பணயம் வைத்தோமே என்று நெஞ்சு அறுத்தது.

புதன்கிழமை வார்டுக்குள் நுழைந்தாள். கட்டிலருகே கருத்தக்கண்ணன், அழுது முகம் வீங்கிப்போய்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய இருங்க."

"எனக்குத் தெரியாம அவன்கிட்ட என்ன தங்கச்சி பேசப் போற?"

"வெளிய இருங்கண்ணே."

அவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து போனார்.

பாண்டீஸ்வரி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, அன்னைக்கு உங்கண்ணன் சொன்னதைத்தான் உன் பேர்ல எழுதிட்டேன். தப்பு என்னோடது. இப்பக் கேக்குறேன். இன்னமும் சாகணும்னு தோணுதா?"

அவன் வாசலைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது.

"தோணுதுக்கா," என்றான். "அன்னைக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன்."