ஜெயராணி அத்தை மூடிய டியூப்

ஜெயராணி அத்தை காலையில் அரை டம்ளர் டீ குடிப்பார். அதன்பின் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டார். குமராட்சிப் பக்கம் வயல்வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் அதே வழக்கம்தான். வரப்பில் ஒதுங்க மறைவு கிடையாது.

போன புரட்டாசியில் வாய்க்கால் கரையில் கருவை முள் வெட்டும்போது, புதருக்குள் இருந்த கதண்டு என்னும் பெருங்குளவிக் கூட்டில் அவர் அரிவாள் பட்டுவிட்டது. தலை, கழுத்து, முதுகு என்று நாற்பது கொட்டுக்கு மேல். கூட இருந்தவர்கள் சுண்ணாம்பு தடவினார்கள். வீட்டுக்காரர் மரிய அருள் வாங்கி வந்த வலி மாத்திரையில் ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தார். சாயங்காலம் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனதும், பக்கத்து வீட்டில் இருக்கும் என்னை ஸ்கூட்டியோடு வரச் சொன்னார்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். கதண்டு விஷம் தசையையும் ரத்தத்தையும் உடைக்கும். அந்தக் கழிவு கிட்னியை அடைக்கும். வலி மாத்திரை இனி கூடாது. குளுக்கோஸ் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், போகிற மூத்திரத்தை மக்கில் பிடித்து அளக்க வேண்டும்.

மறுநாள் மூத்திர அளவு ஏறவில்லை. நர்ஸ் எழிலரசி குளுக்கோஸ் பாட்டிலை உற்றுப் பார்த்தார்.

"காலையில இருந்த எடத்துலயே நிக்குது. டியூப யாரு மூடினது அக்கா?"

"நான்தாம்மா. சும்மா சும்மா மக்கைத் தூக்கிகிட்டு, பாக்க வர்ற ஆம்பளைங்க நடுவுல எப்புடிப் போறது?"

"போவலன்னா கிட்னி போயிடும். அப்பறம் வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ் மிஷின்ல படுக்கணும். அங்க ஆம்பள பொம்பள எல்லாம் ஒரே ஹாலுதான்."

அத்தை எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டப்பைய எடுங்க," என்றார் கணவரிடம்.

அதன்பின் ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் மக்கை வைத்து, கடைக்குப் போகிறவர் போல வார்டைக் கடந்தார். டியூபைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மக்கில் நிறம் வெளுத்தது. ஆறாம் நாள் ரத்தப் பரிசோதனை பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது வேலைக்குப் போகும்போது அதே கட்டைப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய புடவையும் இருக்கும். நாலு குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிவிட்டுத்தான் அரிவாளை எடுக்கிறார். மற்றப் பெண்களும் அந்த மறைப்புக்குப் போய் வருகிறார்கள். பாட்டிலை நீட்டினால் மட்டும், வேண்டாம் என்கிறார்கள்.