தாழிக்குள் இருந்த பால்பல்

பிள்ளைகளா, மனுசன் முதலில் எங்கே பிறந்தான், எப்படி உலகமெல்லாம் பரவினான் என்று நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு அந்தப் பாடம் எங்கள் புஞ்சையில், கிணறு வெட்டின குழிக்குள்தான் கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை.

நாகலாபுரம் போகிற பாதையில் இருக்கிறது அந்தப் புஞ்சை. மேலே வெடித்துக் கிடக்கிற கரிசல், அதற்குக் கீழே வெள்ளைச் சுக்கான் கல். ஆள் உயரம் இறங்குவதற்குள் கடப்பாரை எதிலோ டொப்பென்று விழுந்தது. வெட்டுக்கு வந்த மேஸ்திரி, "ஏலே, நிறுத்து! தாழி!" என்று கத்தினார். ஒரு ஆள் குந்தி உட்காரலாம் போலப் பெரிய மண்பானை. பக்கம் உடைந்து, உள்ளே சின்னச் சின்ன எலும்பு தெரிந்தது.

தாழி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவே வராதாம். வயசாக வயசாகச் சுருங்கி, பூனைக்குட்டி அளவு ஆகிவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். அதற்கும் மேலே போனால் தாழியில் சோறும் தண்ணியும் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். எலும்பின் அளவைப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ரொம்பப் பழைய கிழவன்லா! எப்படிச் சுருங்கியிருக்கான், பாருங்க," என்றார் மேஸ்திரி.

பக்கத்துப் புஞ்சைக்காரர் விடுவாரா? என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, பானை காலியாகப் போகுது. ஒங்க மாமனாருக்குச் சொல்லி அனுப்பவா?"

எல்லோரும் சிரித்தோம். கஞ்சி கொண்டுவந்த உங்கள் அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் அந்தப் புஞ்சைக்காரரின் மருமகன் வந்தார். வெளியூர்க் கல்லூரியில் வரலாறு வாத்தியார், என்னைவிட இளையவர். குழிக்குள் இறங்கித் தாடை எலும்பை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கிழவன் இல்ல அண்ணாச்சி. சின்னப் புள்ள. மூணு நாலு வயசு இருக்கும்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"இது பால்பல்லு. அடியில பாருங்க, எலும்புக்குள்ள முளைக்காத பல்லு உக்காந்திருக்கு. சாகப்போற கிழவனுக்குப் புதுப் பல்லு எதுக்கு?"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருக்கமாட்டாமல், "அப்போ உலகத்துல முதல் மனுசங்க இங்கன உள்ளவங்கதானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தத் தாழிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வருசம் இருக்கலாம், அது நேற்று மாதிரி என்றார். குளத்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் நகத்தளவு கூரான கல்சில்லு கிடைக்கிறதே, அதைச் செய்தவர்கள் இதற்கும் முந்தியவர்கள். எல்லாவற்றுக்கும் முந்தின மனுச எலும்பு ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணுக்குள் கிடைக்கிறது. அவ்வளவு பழசு வேறெங்கும் அகப்படவில்லை. அதனால் மனுசன் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே நடையில் வந்துவிடவில்லை. ஒரு தலைமுறை ஒரு ஆற்றைத் தாண்டும், அடுத்தது ஒரு மேட்டைத் தாண்டும்.

"எந்த வழி, எத்தனை தடவை கிளம்புனாவன்னு படிச்சவங்களுக்குள்ள இன்னும் சண்டை நடக்கு அண்ணாச்சி."

அன்றும் கஞ்சி கொண்டுவந்திருந்த உங்கள் அம்மா கேட்டாள்: "அவிய புள்ளைகளத் தூக்கிக்கிட்டா நடந்தாவ?"

"பின்ன, விட்டுட்டா வருவாவ?"

அதற்குப் பிறகுதான் வாத்தியார், எலும்பையும் தாழிக்குள் கிடந்த சின்னக் கிண்ணத்தையும் கல்லூரிக்குக் கொண்டுபோகக் கேட்டார். "முடியாது," என்றாள் அம்மா.

உங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். நடக்கத் தொடங்கின வயசில் காய்ச்சலில் போனான். எங்களில் பெரியவர்களை எரிப்போம், சின்னப் பிள்ளைகளைப் புதைப்போம். அவன் அதே புஞ்சையின் வடமூலையில் இருக்கிறான்.

"இதுக்கும் ஒரு தாய் இருந்திருப்பால்லா சார்? அவ வச்ச எடத்துல இருந்து எடுக்கணுமா?"

"மூடுனா கிணத்துத் தண்ணியில கரைஞ்சிரும் மதினி. இப்படி ஒரு புள்ள இருந்ததே யாருக்கும் தெரியாமப் போகும்."

"ஒங்ககிட்ட வந்தா, யாரு பெத்ததுன்னு சொல்லிருவீங்களா?"

"முடியாது. என்ன தின்னுச்சு, எப்படி வளந்துச்சுன்னு ஒருவேளை சொல்லலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவள் மனசை அசைத்தது என்று நினைக்கிறேன். நான் எந்தப் பக்கம் பேச? கிணறும் வேண்டும், அவள் அழவும் கூடாது.

சாயங்காலம் அவளே தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸ் மரப்பெட்டி ஒன்றில் தன் பழைய சேலையை மடித்து விரித்தாள். வாத்தியார் எலும்பை ஒரு பையிலும், கிண்ணத்தை இன்னொரு பையிலும் போடப் போனார். "ரெண்டையும் பிரிக்காதீங்க," என்று வாங்கி ஒன்றாக வைத்தாள். அவரும், "பிரிச்சா ஒண்ணாக் கிடந்ததுக்குச் சாட்சியும் போயிரும், நீங்க செய்யுததுதான் சரி," என்றார்.

கோவில்பட்டி பஸ் வந்தது. கண்டக்டர், "பெட்டிய மேல போடுங்க," என்றார்.

"மேல வேண்டாம்," என்றாள் அம்மா. "சின்னப் புள்ளை இருக்கு."

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாத்தியார் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.