குமிழி நிற்கும் இடம்

மண்ணச்சநல்லூரை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். மே மாதப் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே தார் சுட்டது. அந்த ஊர் அரிசி ஆலை ஒன்றில் இரண்டு மாதம் மூட்டை தூக்கினேன். தோள் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. யாரோடும் சண்டை இல்லை. ஓரிடத்தில் அதற்கு மேல் இருக்க எனக்கு வராது, அவ்வளவுதான். ஒரு துணிப்பை, படுக்க விரிக்கும் சணல் சாக்குகள், மதுரைப் பக்கம் போகும் எண்ணம். இவைதான் உடன் வந்தன.

டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் கீழே மணல்தான். நடுவில் வேட்டி அகலத்துக்கு ஓடும் நீரில் எருமைகள் படுத்திருந்தன. ஸ்ரீரங்கத்தில் நான்கு இட்லி நாற்பது ரூபாய். சாம்பாரைக் கேட்காமலே மறுபடி ஊற்றினார்கள். கோபுர நிழலில் மூன்று மணி வரை தூங்கினேன், யாரும் எழுப்பவில்லை.

பிறகு ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் திரும்பும்போது என் முழங்காலில் ஏதோ இடித்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் பையிலிருந்து இரண்டு நீல ரப்பர் பலகைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“ஸாரி அங்கிள்.”

“பரவால்லம்மா. என்ன இது, முறம் மாதிரி?”

“ஃபின்ஸ். கால்ல மாட்டிண்டு நீந்தறது.”

அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். பெயர் ரங்கநாயகி. அருகில் நெற்றி நிறைய திருமண்ணோடு அவள் அப்பா.

“நாளைக்குக் கார்த்தால பாம்பன் பக்கம் மண்டபம் போறா. கடலுக்கு அடியிலே,” என்றார், மகள் மேல்நாடு போவதைப் போல.

விவரம் கேட்டேன். கோடை விடுமுறை முகாமாம். பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர், காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, பாறைகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அறுத்தெடுக்க வேண்டும். அறுக்காவிட்டால் ஆமையும் மீனும் அதில் மாட்டிச் சாகும். மன்னார்புரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி. இன்று மாலை கடைசித் தேர்வு. தேறாதவர்கள் கரையில் குப்பை பிரிக்கலாம். கடலில் இறங்க முடியாது.

“எல்லாரும் பாஸ். நான்தான் இன்னும் இல்லே,” என்றாள் ரங்கநாயகி, ஜன்னலைப் பார்த்தபடி.

மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கினோம். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள். மதுரை லாரி பிடிக்க எனக்கும் மன்னார்புரம்தான் வழி. அவள் பையை நான் வாங்கிக்கொள்ள, மூவரும் நடந்தோம்.

குளத்தருகே பயிற்சி தரும் மேரி மிஸ், பாம்பன்காரர், என் தோளைப் பார்த்தவுடன், “அண்ணே, வேன்ல இருந்து சிலிண்டர் இறக்கணும். ஒரு கை குடுங்களேன்,” என்றார். அரிசி மூட்டைக்கு அது பஞ்சு.

தேர்வு எளிமையாகத்தான் தெரிந்தது. குளத்தின் அடியில் உட்கார்ந்து, வாயில் கவ்விய குழாயில் மூச்சு விட்டபடி, முகமூடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். குமிழி மேலே வந்துகொண்டிருந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். ரங்கநாயகி இறங்கினாள். முகமூடியில் தண்ணீர் புகுந்ததும் குமிழி நின்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தாள்.

“மூச்ச அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும்னு எத்தன தடவ சொல்றது?” மேரி மிஸ் குரலை உயர்த்தவில்லை.

“தானா வந்துடறது மிஸ். சின்ன வயசுலேர்ந்து ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் படித்துறைல அப்படித்தான் முங்குவோம். மூக்கைப் பிடி, மூச்சை அடக்கு, முங்கு.”

பெஞ்சில் இருந்த அப்பா தலை குனிந்தார். “நான்தான் சொல்லிக் கொடுத்தேன்,” என்றார் என்னிடம். “ஆடிப் பெருக்குல ஆத்துத் தண்ணி மூக்குல ஏறிடக் கூடாதேன்னு.”

“இன்னும் ஒரே ஒரு வாட்டி,” என்றார் மேரி மிஸ்.

குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டிருந்த அவள் தோழி நஸ்ரின், பாலக்கரைப் பெண், சிரித்தாள். “ஏன்டி, கிளாஸ்ல வாயை மூடுன்னா மூட மாட்டே. இங்க மூடாதேன்னா மூடுறே. அங்க பேசற மாதிரி இங்கயும் எதையாவது பேசிட்டே இருந்து தொலையேன்.”

ரங்கநாயகி முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு மேரி மிஸ்ஸோடு இறங்கினாள்.

முகமூடியில் தண்ணீர் நிறைந்தது. குமிழிகள் வந்தன. ஒரே சீராக அல்ல. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, மறுபடி நீளமாக. அப்பா எழுந்து விளிம்புக்கு வந்தார். அவர் உதடுகள் அசைந்தன.

“பாசுரம் சேவிக்கறா,” என்றார்.

சட்டென்று குமிழி நின்றது. நஸ்ரின் காலைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டாள். நான் சிலிண்டரை அணைத்தபடி நின்றேன்.

“ஒண்ணுமில்லே,” என்றார் அப்பா. “ரெண்டாம் அடி முடிஞ்சுது. மூச்சு வாங்கற எடம்.”

குமிழி வந்தது. மூன்றாம் அடி, நான்காம் அடி. முகமூடி தெளிந்து, அதற்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. நீருக்கடியில் மேரி மிஸ் அவளோடு கைகுலுக்கினார். நஸ்ரின், “பாத்தீங்களா, என்னாலதான்,” என்று என்னிடம் சொன்னாள்.

அன்றிரவு குளத்துக் காவலர் அறை வாசலில் சாக்கு விரித்துப் படுக்க மேரி மிஸ் அனுமதி வாங்கித் தந்தார். பக்கத்துக் கடையில் பரோட்டாவும் வாங்கித் தந்தார். மதுரை லாரியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. எத்தனையோ ஊர்களில் இறங்கியிருக்கிறேன். இன்னொரு வீட்டுப் பிள்ளை தேற வேண்டும் என்று குளத்தங்கரையில் நின்றது இந்த ஊரில்தான்.

வியாழன் காலை சிலிண்டர்களை வேனில் ஏற்றினேன். உருண்டு மோதாமல் இருக்க என் சாக்குகளை இடையில் செருகினேன். மேரி மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, படகுல ஒரு ஆள் குறையுது. புள்ளைங்க அடியில இருக்கும்போது மேல உக்காந்து குமிழியப் பாக்கணும். பத்து நாள். சாப்பாடும் கூலியும் உண்டு. கண்ண எடுக்கக் கூடாது. வர்றீங்களா?”

வருகிறேன் என்றேன். ரங்கநாயகியின் அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். புளியோதரைத் தூக்கை மகளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

“ரெண்டு அடிக்கு ஒரு தரம் நிக்கும். அதுக்குப் பயப்படாதேள்,” என்றார். “அதுக்கு மேல நின்னா பாருங்கோ.”

சிலிண்டர்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். வேன் மன்னார்புரம் தாண்டும்வரை அந்தப் பாசுரத்தை ரங்கநாயகியைச் சொல்லச் சொல்லி, எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.